படலையும் பன்னிரண்டு வோல்ற்றும்



இந்த இலக்கிய வரிசையில் எனக்கு முன்னர் பேசியவர்கள் காப்பியங்களைப் பற்றியும் கவிதைகளைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது எங்கள் வீட்டுக் கேற்றில் இருக்கும் ஒரு மின்சாரப் பூட்டைப் பற்றி. போன வருட ஐப்பசி மழையோடு அது பழுதாகி, ஐந்து வாரங்கள் சரிவரத் திறக்காமல் கிடந்தது. இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டார். திறவாத கதவு தமிழ் இலக்கியத்துக்குப் புதிதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

நான் இருப்பது மஹய்யாவையில். கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வீதியோரம் அது. பொது மயானம் இருப்பதால் கண்டியில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது வந்து போன இடம். 1880 இல் திறக்கப்பட்ட மாத்தளை ரயில் பாதையும் எங்கள் பக்கத்தால்தான் போகிறது. மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர்களாகத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்துவரும் தமிழ்க் குடும்பங்களின் லயன் வீடுகளும் இங்கேதான் இருக்கின்றன. கண்டி நகரம் விடிய எழும்பிப் பார்க்கும்போது வீதி சுத்தமாக இருக்கிறதென்றால், அதற்கு முன்னரே, இருட்டோடு இருட்டாக, மஹய்யாவை எழும்பிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வீதியில் கேற், அங்கிருந்து 32 படி ஏறினால் விறாந்தை. கண்டியில் வீடு கட்டியவர்களுக்கு இது புதினமல்ல. வயது போகப்போக ஒவ்வொரு படியும் ஒவ்வொரு மலையாகிவிடும் என்பதும் புதினமல்ல.

என் தாயார் 1962 இல் கலியாணமாகி வடமராட்சியிலிருந்து கண்டிக்கு வந்தவர். தகப்பனார் இங்கே கச்சேரியில் எழுதுவினைஞர். அறுபது வருடத்துக்கு மேலாகியும் 'கேற்' என்ற சொல் அம்மாவின் வாயில் வந்ததில்லை. அவருக்கு அது படலைதான். இரும்புக் கம்பியால் அடித்து, கறுப்புப் பூச்சுப் பூசி, மேலே ஈட்டி முனைகளும் வைத்த ஒன்றைப் படலை என்று சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர் சொல்கிற படலையின் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் சங்கடப்படலை என்று ஒன்று இருந்தது. வாயிலுக்கு மேலே சிறு கூரை. இரு பக்கமும் குந்துவதற்குத் திண்ணை. வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் அதில் ஒதுங்கலாம்; வீட்டுக்காரரைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. "படலை ஆடுமாட்டைத் தடுக்கிறதுக்கு மோனை, ஆக்களைத் தடுக்கிறதுக்கில்லை" என்பார் அம்மா.

அப்படிப்பட்டவருக்கு முழங்கால் இரண்டும் விட்டுக்கொடுத்தன. 2021 இல் நாங்கள் அந்த மின்சாரப் பூட்டைப் போட்டோம். அவருடைய கட்டிலோரம் யன்னல். யன்னலால் பார்த்தால் கேற் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பொத்தான். கீழே யாராவது மணியை அடித்தால் அம்மா எட்டிப் பார்ப்பார். பெருவிரலால் பொத்தானை அமத்துவார். அங்கே 'டக்' என்று பூட்டு விட்டுக்கொடுக்கும். இவர் இங்கேயிருந்து "வாங்கோ, வாங்கோ" என்று குரல் கொடுப்பார். கீழே நிற்பவருக்கு அது கேட்காது. என்றாலும் சொல்லுவார். தபால்காரர், மீன்காரர், பாடசாலை விட்டு வரும் பேத்தி, விடியற்காலையில் எங்கள் வீதியைக் கூட்டிவிட்டு ஒரு பிளேன்ரீ குடிக்க வரும் பெண்மணி, எல்லோரும் அந்தப் பெருவிரலால் உள்ளே வந்தவர்கள்தான். சமையல் போய், பூசையறை விளக்கேற்றும் வேலையும் மருமகளுக்குப் போன பிறகு, வீட்டில் அம்மாவுக்கென்று மிஞ்சிய உத்தியோகம் அது ஒன்றுதான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில், "கறண்டோடை விருந்தாளும் போச்சு" என்று அவர் சொன்னதை நான் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பூட்டைப் பொருத்தித் தந்தவர் அந்த லயனில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். என்னிடம் தமிழ் படித்தவர். பின்னர் மின்னிணைப்பு வேலை பழகியவர். வீதி கூட்ட வரும் அந்தப் பெண்மணியின் மகன். பூட்டு, ரான்ஸ்போமர், பொத்தான் ஆகியவற்றுக்குக் கடைப் பற்றுச்சீட்டைக் காட்டிக் காசு வாங்கினார். கூலி வேண்டாம் என்றார். "சேர்கிட்ட கூலி வாங்கினா எங்கம்மா ஏசும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி, பழுதுக்கு வருகிறேன்.

முதலில் அது ஒரு கூடாத குணமாகத்தான் தொடங்கியது. காலையில் திறக்கும், மாலையில் திறக்காது. வெயில் நாளில் திறக்கும். மழை நாளில் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டுச் சும்மா இருக்கும். அம்மா பொத்தானை இன்னும் பலமாக அமத்தினார். பிறகு இரண்டு கைப் பெருவிரலையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து அமத்தினார். கீழே நிற்பவர் கேற்றை உலுக்குவார். மேலே இவர் அமத்திப் பிடித்தபடி இருப்பார். ஒரு நாள் பூட்டிலிருந்து வார்னிஷ் கருகுகிற மணம் வந்தது. இந்தப் பூட்டுகளின் வரிச்சுருள் ஒரு கணம் இரண்டு கணம் மின்னோட்டத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. நிமிடக்கணக்கில் அமத்தினால் சூடேறும். "அம்மா, இப்படி அமத்திப் பிடிக்காதேங்கோ, எரிஞ்சு போகும்" என்று சத்தம் போட்டேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்ரை விரலிலை பெலன் இல்லைப் போலை கிடக்கு, மோனை" என்றார்.

அன்றிரவு நான் அந்த இளைஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ வாங்கிப் போட்டது போலிச் சாமான் என்றேன். அவர் மழையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. "உங்கட ஆக்களின்ரை வேலை இப்பிடித்தான்" என்றேன்.

நேயர்களே, நாற்பது வருடம் மொழி படிப்பித்தவன் நான். 'உங்கட ஆக்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கத்தில் சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு "சரிங்க சேர்" என்று மட்டும் கேட்டது.

அடுத்த நாள் விடியற்காலை அந்தப் பெண்மணி வீதியைக் கூட்டிக்கொண்டு எங்கள் கேற்றைத் தாண்டிப் போனார். உள்ளே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "அந்தப் பிள்ளை ஏன் இப்ப வாறேல்லை?" என்று அம்மா கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்: "நான் திறந்து விடாட்டி என்னெண்டு வாறது?" நான் வாய் திறக்கவில்லை.

கேற்றின் கதை இப்படியே போயிற்று. சாவி எங்களிடம் இருந்தது. நானோ மனைவியோ வீட்டில் இருந்தால் 32 படி இறங்கித் திறப்போம். இல்லாவிட்டால் வந்தவர் திரும்பிப் போவார். மீன்காரர் எங்கள் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார். அம்மா யன்னலைச் சாத்தி வைக்கத் தொடங்கினார். அது குளிருக்கு என்று சொன்னார்.

கார்த்திகை மாதப் போயா தினத்தன்று எல்லோரும் வீட்டில் இருந்தோம். ஒரு மீற்றரை இரவல் வாங்கிக்கொண்டு நானே பூட்டைப் பார்ப்பது என்று இறங்கினேன். உண்மையைச் சொன்னால், திருத்துவதற்காக இறங்கவில்லை. அந்தச் சாமான் போலி என்று நிரூபிப்பதற்காகத்தான் இறங்கினேன்.

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பூட்டை நானும் அதுவரை பிழையாகவே விளங்கி வைத்திருந்தேன். பொத்தானை அமத்தினால் மின்சாரம் ஓடிப்போய்ப் பூட்டின் நாக்கை இழுத்து எடுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. பூட்டுக்குள் பலமான ஒரு வில்லுச்சுருள் இருக்கிறது. கேற்றை அடித்துச் சாத்தும்போது, பூட்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குமிழ் எதிர்த்தகட்டில் பட்டு உள்ளே அமர்கிறது. அந்த அமுக்கம் வில்லுச்சுருளை இறுக்கி வைக்கிறது. ஒரு சின்னக் கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. பொத்தானை அமத்தும்போது வரிச்சுருள் மின்காந்தமாகி அந்தக் கொக்கியை மட்டும் தட்டிவிடுகிறது; நாக்கை இழுப்பது வில்லுச்சுருள். அதாவது, திறப்பதற்கான பலத்தை மின்சாரம் கொடுப்பதில்லை. கடைசியாகக் கேற்றைச் சாத்திவிட்டுப் போனவர் கொடுத்துவிட்டுப் போன பலம் அது.

இதைக் கண்டபோது எனக்குத் திருமறைக்காடு நினைவுக்கு வந்தது. வேதாரணியம் என்கிறோமே, அம்மா பிறந்த வடமராட்சிக் கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் இருக்கிறது. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயிற் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பருக்குக் கதவு இலேசில் திறக்கவில்லை; பதிகம் முடியும்வரை பாட வேண்டியிருந்தது. சம்பந்தருக்கோ முதற் பாட்டிலேயே அடைபட்டுவிட்டது. தமக்கு இத்தனை தாமதம் ஏன் என்று அப்பர் மனம் வருந்தியதாகச் சேக்கிழார் பாடுகிறார்.  அடைப்பது எளிது, திறப்பது கஷ்டம் என்று அந்தக் கதைக்கு நான் வகுப்பில் வியாக்கியானம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பூட்டுச் செய்தவன் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறான்: சரியாக அடைத்தால்தான் திறக்கும்.

பழுது பார்ப்பவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முழுவதையும் ஒன்றாகப் பாராதே. பாதியில் பிரித்து, எந்தப் பாதியில் குற்றம் இருக்கிறது என்று பார். பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்கு. முனகல் சத்தம் வருவதால் ரான்ஸ்போமர் செத்துப்போகவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஒரு சத்தமும் வராவிட்டால் வேறு விஷயம். வயர் அறுந்திருக்கும், அல்லது இடி மின்னலுக்கு ரான்ஸ்போமர் எரிந்திருக்கும். அந்த முனகல் நம் வீட்டு மின்சாரத்தின் குரல். செக்கனுக்கு 50 தடவை அலையும் மின்னோட்டம், கொக்கியை 100 தடவை இழுத்து இழுத்து விடும் சத்தம். இழுக்கிறது, ஆனால் பலம் போதவில்லை என்று அதற்குப் பொருள். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். ரான்ஸ்போமரின் ஒரு பக்கம் 230 வோல்ற்று. அதில் விளையாடக் கூடாது. மற்றப் பக்கம் 12 வோல்ற்று. அது ஆளைக் கொல்லாது. மூடியைக் கவனமாக ஒதுக்கி மீண்டும் சுவிச்சைப் போட்டு அளந்தேன். 12.6 காட்டியது. நல்லது.

அடுத்தது பொத்தான். அதன் இரண்டு வயரையும் கழற்றி ஒரு கணம் நேரே தொடுத்துப் பார்த்தேன். கீழே அதே முனகல்தான் கேட்டது, கேற் திறக்கவில்லை. அப்படியானால் பொத்தானில் குற்றமில்லை. அதை அமத்திய விரலிலும் குற்றமில்லை. அம்மா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, விரலிலை ஒண்டுமில்லை" என்றேன். "நீ என்னைத் தேத்துறாய்" என்றார்.

படியிறங்கிக் கீழே போனேன். பூட்டிலிருந்து இரண்டு வயரையும் கழற்றினேன். மேலே பேத்தியைப் பொத்தானை அமத்தச் சொன்னேன். மீற்றர் 12.6 காட்டியது. மேலே இருந்த அதே 12.6. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன். மேலிருந்து கீழ்வரை எல்லாம் சரி, பூட்டுத்தான் பிழை, போலிச் சாமான்தான். அந்த மட்டில் நான் மேலே ஏறி வந்து தேநீர் குடித்திருந்தால், அந்த இளைஞரைப் பற்றிய என் தீர்ப்பு இன்றுவரை அப்படியே இருந்திருக்கும். அதைவிட்டு, வயரைத் திரும்பப் பூட்டிவிட்டு, எதற்கும் இன்னொரு தடவை அளந்து பார்ப்போம் என்று நினைத்தேன். பேத்தி பொத்தானை அமத்தினாள், பூட்டு முனகியது, மீற்றரின் எண் இறங்கி 7.8 இல் நின்றது.

பூட்டு வேலை கேட்காதபோது பன்னிரண்டு. வேலை கேட்டவுடன் எட்டுக்கும் குறைவு. இடையில் நான்கரை வோல்ற்றுக்கு மேல் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு வயது இருநூறு. 1825 இல் இங்கிலாந்தின் பீற்றர் பாளோ என்ற கணித ஆசிரியர் மின்சாரத்தால் தூரத்துக்குச் செய்தி அனுப்பலாமா என்று சோதித்துப் பார்த்தார். வெறும் 200 அடி வயரிலேயே மின்னோட்டத்தின் வலு கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிட்டது என்று கண்டு, இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். எங்கள் வீட்டு வயரும் போய்வர ஏறத்தாழ அந்த நீளந்தான். 1827 இல் ஜேர்மனியில் கோர்க் ஓம் ஒரு நூல் வெளியிட்டார். கம்பியின் நீளமும் தடிப்பும் மின்னோட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதைக் கணக்காக்கித் தந்த நூல் அது. அவரும் கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். நூலை அவருடைய நாட்டார் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1841 இல் இலண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்பு வந்தது. இடையில், 1831 அளவில், அமெரிக்காவில் அல்பனி என்ற ஊரில் ஜோசப் ஹென்றி ஒரு மைலுக்கு மேற்பட்ட வயரின் அந்தத்தில் ஒரு மணியை அடிக்க வைத்துக் காட்டினார். அவரும் வாத்தியார்தான். வயர், மின்கலம், சுருள் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைத்தால் தூரம் தடையில்லை என்பது அவர் கண்டது. அதைப் பொருந்தாமல் அமைத்த வாத்தியார் நான்.

எங்கள் வீட்டு வயரைத் தோண்டிப் பார்த்தபோது எல்லாம் நினைவுக்கு வந்தது. 2021 இல் அந்த இளைஞர் ஒரு சாமான் பட்டியல் எழுதித் தந்தார். அதில் 30 மீற்றர் தடித்த வயர் இருந்தது. விலையைப் பார்த்தேன். வீட்டில் பழைய அழைப்புமணி வயர் இரண்டு சுருள் கிடக்கிறதே, அதைப் போடலாம் என்றேன். "இது மெலிசா இருக்கு சேர், பீஸ் போட்டா மழைக்குத் தாங்காது" என்றார் அவர். "12 வோல்ற்றுக்கு இது காணும்" என்று சொன்னவன் நான். வாத்தியார் சொன்ன பிறகு அவர் மேலே பேசவில்லை. இரண்டு துண்டையும் முறுக்கித் தொடுத்து, தன்னால் இயன்ற அளவு இறுக்கமாக ரேப் சுற்றித்தான் இருந்தார். மூன்று மழைக்காலம் போனதில் அந்தத் தொடுப்பு பச்சைக் களிம்பு பிடித்து, நான் தொட்டதும் உதிர்ந்தது. மெல்லிய வயர் பாதியைத் தின்ன, தொடுப்பு மீதியைத் தின்றிருக்கிறது. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டுச் சமைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தமும் கொஞ்சம் இறங்கும். அதுதான் காலையில் திறந்தது, மாலையில் திறக்கவில்லை.

பூட்டைக் கழற்றி மேலே கொண்டுவந்து ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் வைத்து, குமிழைக் கையால் அமத்தி, பொத்தானைத் தட்டினேன். 'டக்'. இன்னொரு தடவை. 'டக்'. போலி என்று நான் சொன்ன பூட்டுக்கு ஒரு பழுதும் இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. வீட்டில் இருந்த ஒரு தடித்த நீட்டு வயரைத் தற்காலிகமாகக் கொடுத்துக் கீழே பூட்டைப் பொருத்தினேன். கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு குமிழை அமத்தினால் அருமையாக வேலை செய்கிறது. சாத்தினால் மூன்றுக்கு ஒரு தடவைதான் திறக்கிறது. சரியாகப் பார்த்தால், குமிழ் எதிர்த்தகட்டில் முழுதாகப் படவில்லை. ஒரு நாலு மில்லிமீற்றர் கீழே இறங்கி, விளிம்பில் தட்டுகிறது. கேற்றைக் கையால் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாத்தினேன்; உடனே சரி. கேற் தொங்கிவிட்டது. ஏன் தொங்கியது? மேல் பிணைச்சல் தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? கேற்றின் பூட்டுப் பக்கத்து ஓரத்தில் வார்ப்பிரும்பில் செய்த ஒரு தபால் பெட்டி தொங்குகிறது. ஐந்தாறு கிலோ இருக்கும். சஞ்சிகைகளும் புத்தகங்களும் நனையாமல் வரவேண்டும் என்று, ஓய்வு பெற்ற வருடம் நான் ஆசையாகச் செய்வித்து, கேற்றிலேயே ஒட்டுவித்தது. என் பெயரும் அதில் பொறித்திருக்கிறது.

மத்தியானம் ஆகிவிட்டது. மீற்றரைத் துடைத்து வைத்துவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே இறங்கினேன். எங்கே என்று மனைவி கேட்டார். "லயனுக்கு" என்றேன்.

எத்தனையோ வருடமாக அந்தப் பாதையால் போய்வருகிறேன்; உள்ளே போனது அன்றைக்குத்தான் முதற் தடவை. அந்தப் பிள்ளைகளை எனக்கு வகுப்பில் தெரியும். அவர்களுடைய வீட்டை எனக்குத் தெரியாது. அந்தப் பெண்மணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, முந்தானையால் கதிரையைத் துடைத்து, "உக்காருங்க சேர்" என்றார். மகன் வேலைக்குப் போயிருந்தார். வயரைப் பற்றியும் தபால் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். தொலைபேசியில் சொன்னது பிழை என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிளேன்ரீ குடிக்கிறீங்களா சேர்?" என்று கேட்டார். குடித்தேன். சீனி தூக்கலாக இருந்தது. அம்மாவும் அவருக்கு அப்படித்தான் போடச் சொல்வார் என்பது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இளைஞர் வந்தார். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயர் 30 மீற்றர், ஒரே துண்டு, அது போவதற்குப் பிளாஸ்ரிக் குழாய், பிணைச்சலுக்கு வாஷர். தபால் பெட்டியைக் கேற்றிலிருந்து வெட்டி எடுத்து மதில் தூணில் பதித்தார். நான் ஏணிக்குக் கீழே நின்று, "மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, நான் சொன்னது பெரிய பிழை" என்றேன். அவர் வயரின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏணியப் பிடிங்க சேர், ஆடுது" என்றார்.

வேலை முடிந்து அளந்தபோது, பூட்டு இழுக்கும் நேரத்திலும் மீற்றர் 11.8 காட்டியது. அவர் ஒரு கடதாசியில் கணக்கு எழுதித் தந்தார். சாமான் விலை, அதற்குக் கீழே கூலி, ஒரு முழு நாளுக்கு. முதல் தடவை வேண்டாம் என்றவர் இம்முறை எழுதியிருந்தார். நான் எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருடைய தாயார் அடுத்த நாள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை விடியப்புறம், இன்னும் இருட்டு, மணி அடித்தது. நான் எழும்பி வருவதற்குள் அம்மா யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, பெருவிரலைப் பொத்தானில் வைத்துவிட்டார். கீழே 'டக்' என்றது.

வயர் மாற்றியதையும் பிணைச்சல் உயர்த்தியதையும் நான் அம்மாவுக்கு விளக்கமாகச் சொல்லித்தான் இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டும் இருந்தார். ஆனால் அன்று காலை அந்தப் பெண்மணி படியேறி வந்து விறாந்தையில் குந்தியதும், அம்மா தன் பெருவிரலை அவரிடம் நீட்டிக் காட்டி, "இப்ப பெலன் வந்திட்டுது பிள்ளை" என்றார்.

நான் குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.